யானை, ஆனெ, ஏனுகு

(ஓசூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதல் ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்தவர்கள் சிலர் கண்ணில் படுகிறீர்கள். தூக்கம் வந்தால் தயங்காமல் தூங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்புகளில் விலங்கியல் நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். தூங்குகிறவர்கள் முன்னால் பேசிப் பழக்கம் உண்டு. (சிரிப்பு)

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் இரவு, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சூளகிரி தாண்டி சானமாவு காட்டை ஒட்டி வரும்போது முன்னால் போன லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் டிரைவரும் என்ஜினை அணைத்தார். வனத்துறைக்காரர்கள் டார்ச்சை ஆட்டி, ஹாரன் அடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய பெரிய நிழல்கள் சாலையைக் கடந்தன. நடுவில் ஒரு குட்டி. பஸ்ஸுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கடைசி நிழலும் மறைந்த பிறகு என் பக்கத்து சீட்டுக்காரர் "யானை" என்றார். முன் சீட்டு அம்மாள் பேத்தியின் தலையைத் திருப்பி "ஏனுகு, ஏனுகு" என்று காட்டினார். பின்னாலிருந்து யாரோ "ஆனெ" என்றார்.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. காய்கறிக் கடையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை வாங்குகிற ஊர் இது. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. யானை, ஆனெ, ஏனுகு மூன்றும் ஒரே மூலச் சொல்லின் பிள்ளைகள் என்கிறார்கள் திராவிட மொழியியலார். ஒரு காலத்தில் ஒரே பேச்சாக இருந்தது. பேசியவர்கள் பிரிந்து, ஒருவரோடொருவர் பேசுவது குறைந்து போனார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு ஒலி தேய்ந்தது, அந்தக் கூட்டத்தில் ஒரு ஒலி வளர்ந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. பேச்சு நின்ற இடத்தில் மொழி பிரிந்தது.

உயிரினங்கள் பிரிகிற கதையும் ஏறத்தாழ இதுதான். பேச்சு என்பதை எடுத்துவிட்டு அங்கே கலப்பு என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கூட்டங்கள் கூடிக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும் வரை இந்தப் பக்கத்தில் தோன்றும் சிறு மாற்றம் அந்தப் பக்கமும் போய்ச் சேரும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கோ கடலோ வந்து அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டால், அவரவர் மாற்றம் அவரவரிடமே தங்கும். நீண்ட காலம் கழித்துத் தடை விலகி இரண்டு கூட்டமும் சந்தித்தாலும் கூடுவதற்கு மனம் வராது. கூடினாலும் பிறப்பது கோவேறு கழுதை மாதிரி அடுத்த தலைமுறை இல்லாததாக இருக்கும். அப்போது அவை இரண்டு இனங்கள். 1942ல் எர்ன்ஸ்ட் மேயர் என்ற ஜெர்மன் பறவையியலார் அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதிய நூலில் இதை அழுத்தமாக நிலைநாட்டினார். அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே கலாபகசுத் தீவுகளில் தீவுக்குத் தீவு பறவை மாறுவதைப் பார்த்து டார்வின் குழம்பியதும் இதே விஷயத்தில்தான்.

கலாபகசு பாடப்புத்தகத்தில் இருக்கிறது, விட்டுவிடுவோம். கடலே இல்லாத தீவுகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

இங்கிருந்து தெற்கே சேலம் போகிற வழியிலும் அதைத் தாண்டியும் பஸ் ஜன்னலைத் திறந்து பாருங்கள். சமவெளியிலிருந்து திடீர் திடீரென்று மலைகள் எழுந்து நிற்கும். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலை என்று பெயர்தான் தொடர்ச்சி. உண்மையில் அது அறுந்த மாலை. மணிகள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. மேலே போனால் ஸ்வெட்டர் போடுகிற குளிர், ஈரம், பாசி படிந்த பாறை. கீழே இறங்கினால் ஏப்ரல் மாதத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாத சூடு. மேலே இருக்கும் ஒரு சின்னப் பல்லிக்கு அந்தச் சமவெளி கடல் மாதிரிதான்.

பல்லி என்றதும் வீட்டுச் சுவர்ப் பல்லியை நினைக்க வேண்டாம். இது பகலில் நடமாடும், பாறை இடுக்கில் வாழும் குட்டிப் பல்லி. விரல் நீளம் இருந்தாலே அதிகம். நெமாஸ்பிஸ் என்பது அந்தப் பேரினத்தின் பெயர். 2022ல் ஈஷான் அகர்வால், தேஜஸ் தாக்கரே, அக்‌ஷய் காண்டேகர் மூவரும் சேர்ந்து சேர்வராயன் வட்டார மலைகளிலிருந்து ஒரே கட்டுரையில் ஐந்து புதிய இனங்களை விவரித்தார்கள். ஒவ்வொன்றும் குறுகிய ஒரு மலைப்பகுதிக்கு மட்டுமே சொந்தம். ஒன்றுக்குப் பச்சைமலையின் பெயர். பிடிக்கப் போனால் சந்துக்குள் நெளிந்து தப்பிவிடுகிற ஒன்றுக்கு ஜாக்கி சானின் பெயர். விஞ்ஞானிகளுக்கும் சினிமா பிடிக்கும்.

இதற்கு மூன்று வருடம் முன்னால், 2019ல், கொல்லிமலையின் பெயரிலும் சங்ககிரியின் பெயரிலும் இரண்டு பாறைப் பல்லிகள் அறிவிக்கப்பட்டன. சங்ககிரிக் கோட்டை மலையை லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாறையில் உலகத்துக்கே புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பத்திரிகைகள் இதைப் "புதிய இனம் கண்டுபிடிப்பு" என்று போடுகின்றன. புதிது நமக்குத்தான். திப்பு சுல்தானின் வீரர்கள் கோட்டையில் காவல் நின்றபோதும் அது அங்கேதான் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பல்லிகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து மலைப் பல்லிகளைக் கையில் வைத்துப் பார்த்தால் நமக்கு வித்தியாசம் தெரியாது. புள்ளிகளின் அமைப்பு, செதில்களின் எண்ணிக்கை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மரபணுவைப் படித்தால் மட்டும் பிரிவு ஆழமாகத் தெரிகிறது. எல்லா மலையிலும் பாறை, எல்லா மலையிலும் பூச்சி. வாழ்க்கை ஒன்றே. கொல்லிமலை தன் பல்லியிடம் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை, பச்சைமலையும் கேட்கவில்லை. மலை செதுக்கவில்லை, பிரித்து வைத்தது, அவ்வளவுதான். மீதியைக் காலம் செய்தது. புது இனம் என்றாலே நீண்ட மூக்கு, வளைந்த கொம்பு என்று எதிர்பார்க்கிறோம். பிரிந்து கிடப்பது மட்டுமே போதும் என்று இந்தப் பல்லிகள் சொல்கின்றன.

சரி, பல்லிக்குச் சமவெளி கடல். பறவைக்கு?

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போவோம். கோயம்புத்தூரிலிருந்து கேரளாவுக்கு ரயிலில் போனவர்கள் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்திருப்பீர்கள். மலைச்சுவரில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக ஒரு திறப்பு. நமக்கு அது காற்று வரும் வாசல். அதற்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனிமலையும். இந்த மலைகளின் உச்சியில், புல்வெளிகளுக்கு நடுவே, மடிப்புகளில் ஒடுங்கிக் கிடக்கும் குட்டை மரக் காடுகளைச் சோலை என்கிறோம். அந்தச் சோலையின் தரையில் குதித்துத் திரியும் ஒரு சின்ன நீலப் பறவை உண்டு. இறக்கை இருக்கிறது, பறக்கிறது. ஆனால் சோலையை விட்டு வெளியே வராது. கணவாயின் வெயிலைக் கடந்து எதிர் மலைக்குப் போகாது. வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் இந்தப் பறவைகளின் மரபணுவைப் படித்தார்கள். இவை இமயமலைப் பக்கத்து உறவுகளிலிருந்து விலகி நிற்கும் தனிப் பேரினம் என்று 2017ல் அறிவித்து, அதற்கு 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். சோலையில் வசிப்பது என்று பொருள். நம் சோலை லத்தீனில் ஏறிவிட்டது. இந்தப் பேரினத்தில் பாலக்காட்டுக்கு வடக்கே ஓர் இனம், பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே ஓர் இனம், செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் ஓர் இனம். வரைபடத்தை மடித்து வைத்துப் பார்த்தால் மடிப்பு விழும் இடத்தில் இனம் மாறுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். தடை என்பது நிலத்தில் மட்டும் இல்லை, கடக்க வேண்டிய உடம்பிலும் இருக்கிறது. ஒருவருக்கு வழி, இன்னொருவருக்குச் சுவர்.

இதற்கு இலங்கையை விட நல்ல சாட்சி கிடையாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் உறைந்து கிடந்த காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் ஆழம் எவ்வளவு? ராமேஸ்வரத்து மீனவரைக் கேளுங்கள், சிரிப்பார். ஆக, அது அப்போது தரை. இங்கிருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். இப்படிக் கடல் விலகித் தரை தெரிந்த காலங்கள் பல. அப்படியென்றால் இலங்கையின் விலங்குகளும் நம் விலங்குகளும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? யானை, சிறுத்தை விஷயத்தில் பெரும்பாலும் அப்படித்தான். தவளை, நண்டு, மண்ணுக்குள் வாழும் பாம்பு விஷயத்தில் இல்லை. பிராங்கி பொசுயிட்டும் கூட்டாளிகளும் 2004ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, இலங்கையின் இந்தச் சிறு உயிர்கள் நெடுங்காலமாகத் தனியாகவே கிளைத்திருக்கின்றன என்று காட்டியது. பாலம் இருந்தது, அவை வரவில்லை. ஏனென்றால் அந்தப் பாலம் வறண்ட, வெயில் காயும் தரை. மழைக்காட்டுத் தவளைக்கு வறண்ட தரையும் கடலும் ஒன்றுதான்.

இப்போது நம் மாவட்டத்துக்குத் திரும்புகிறேன்.

அஞ்செட்டி தாண்டிக் காவிரிக் கரைக்கு இறங்கினால் நீர்மருது மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கும். அதன் உச்சியில், ஒரு பூனை அளவுக்கு, நரைத்த முடியோடு ஓர் அணில் இருக்கும். சாம்பல் நிற மலை அணில். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988லேயே இதற்கென்று சரணாலயம் வந்துவிட்டதால் பலரும் அதை அந்த ஊர் அணில் என்று நினைக்கிறார்கள். இலங்கையிலும் உண்டு, சிங்களத்தில் தண்டு லேனா என்பார்கள். இந்த அணில் தரையில் இறங்க விரும்பாது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவிப் போவதுதான் அதன் போக்குவரத்து முழுவதும். கூடு கட்டுவதும் உச்சிக் கிளைகளில். எனவே அதற்கு உலகம் என்பது ஆற்றோரத்தில் நூல் மாதிரி ஓடுகிற மரவரிசை. ஒரு கிலோமீட்டர் மரம் வெட்டப்பட்டால் நமக்கு அது வெட்டவெளி. அதற்கு அது பாக் நீரிணை.

இந்த அணில் காவிரியில் ஒரு துண்டு, தெற்கே மலையடிவாரங்களில் சில துண்டுகள், கடல் கடந்து ஒரு துண்டு என்று கிடக்கிறது. இனம் இன்னும் ஒன்றுதான். இனி என்ன ஆகும்? இங்கேதான் என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். மாணவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சார், இப்படித் துண்டு துண்டாகப் பிரித்தால் புதிய இனங்கள் நிறைய வருமே, நல்லதுதானே?"

கேள்வியில் தர்க்கம் இருக்கிறது. பதிலுக்குக் கணக்கு வேண்டும்.

பரிணாமம் வருடக் கணக்கில் ஓடாது, தலைமுறைக் கணக்கில் ஓடும். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970களில். பிறகு லாரித் தொழிற்சாலை, மொபெட் தொழிற்சாலை, கைக்கடிகாரத் தொழிற்சாலை. இன்று செல்போன் பாகங்கள், மின்சார ஸ்கூட்டர். மொத்தம் ஐம்பது வருடம். பெண் யானை பதினைந்து வயதை ஒட்டி முதல் குட்டி போடும், அறுபது வரை வாழலாம். சராசரியாக ஒரு தலைமுறைக்கு இருபது, இருபத்தைந்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது யானையின் கணக்கில் சிப்காட்டின் வயது இரண்டு தலைமுறை. பாட்டி யானைக்கு இந்த ஊர் ஒரு சின்னச் சந்தைப்பேட்டை. பேத்தி யானைக்கு இது ராத்திரியெல்லாம் வெளிச்சம் எரிகிற சுவர். இரண்டு தலைமுறையில் புதிய யானை இனம் உருவாகாது. இரண்டு தலைமுறையில் அழிய மட்டும் முடியும்.

எப்படி அழியும் என்பதற்கு எண்ணிக்கை முக்கியம். மூட்டையில் பல நிற அவரை விதை கலந்து இருக்கிறது. கண்ணை மூடி ஒரு கை அள்ளினால் எல்லா நிறமும் வந்துவிடுமா? எப்போதோ ஒன்றாகக் கிடக்கும் கருநிற விதை வராமலே போகலாம். அல்லது தற்செயலாக அதுவே பாதி வந்துவிடலாம். அந்தக் கைப்பிடி விதையைத்தான் இனி விதைக்க வேண்டும் என்றால், உங்கள் நிலத்தின் அவரை மூட்டையின் அவரையாக இருக்காது. சின்னக் கூட்டம் தனிமைப்படும்போது நடப்பது இதுவே. நல்ல குணம் நின்றது, கெட்ட குணம் போனது என்றெல்லாம் இல்லை. சீட்டுக் குலுக்கல்.

ஒடிசாவில் சிமிலிபால் காட்டுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்குள்ள புலிகளில் சிலவற்றுக்குக் கோடுகள் தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பே கறுத்துத் தெரியும். உலகில் வேறு எங்கும் காட்டில் இப்படிப் புலிகள் இல்லை. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2021ல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்தப் பிழை வந்தால் குட்டி கறுக்கும். அந்த ஆய்வின்படி சிமிலிபாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு புலி அப்படி. வெளியிலிருந்து புலி வருவது நெடுங்காலமாக நின்றுபோன காடு அது. கூட்டம் சின்னது, உறவுக்குள்ளேயே கூடல். அபூர்வமான சீட்டு அங்கே அடிக்கடி விழுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அழகு. மரபியல் தெரிந்தவர்களுக்குக் கவலை. கறுப்பு நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, அதே மாதிரி சேர்ந்துகொண்டே போகும் மற்ற பிழைகள் தெரிவதில்லை. நம் பக்கத்தில் கர்ப்பிணியைப் பரிசோதிக்கும் டாக்டர் முதலில் கேட்பது என்ன? "சொந்தத்துலயா கல்யாணம்?" அதே கேள்வியைப் புலியிடம் கேட்க முடியாது.

நம் யானைகளே ஒரு கைப்பிடி அவரையாகப் போன கதை இருக்கிறது. இங்கே வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1980களின் முதல் பாதியில் வறட்சி. ஓசூர், ஆனேக்கல் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் கிளம்பின. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வழியாகவே கிழக்கே நடந்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குள் போயின. அங்கே சுமார் இருநூறு வருடமாக யானையே இல்லை. குப்பம், பலமநேர் மக்களுக்கு ஏனுகு என்பது கோயிலிலும் சர்க்கஸிலும் பார்த்த பிராணி. திடீரென்று கரும்புத் தோட்டத்தில் வந்து நின்றது. 1990ல் கவுண்டின்யா சரணாலயம் அமைந்தது. ஆனால் வந்தவை கொஞ்சம், பிறகு மின்சாரத்திலும் கிணற்றிலும் இறந்தவை பல. பெருங்கூட்டத்திலிருந்து சிலர் மட்டும் பிரிந்து போய்ப் புதிய இடத்தில் குடியேறினால் அந்தச் சிலரின் மரபு மட்டுமே அங்கே மிஞ்சும் என்று மேயர் எழுதியதற்கு, வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் உதாரணம் நிற்கிறது.

2024ல் வெளியான இன்னொரு மரபணு ஆய்வு, இந்தியக் காட்டு யானைகள் ஐந்து தனித்தனி மக்கள்தொகைகளாக இருக்கின்றன என்று சொல்கிறது. வடக்கு ஒன்று, மத்திய இந்தியா ஒன்று, தெற்கே மட்டும் மூன்று. தெற்கின் மூன்றும் எங்கே பிரிகின்றன? பாலக்காட்டில் ஒரு கோடு, செங்கோட்டையில் ஒரு கோடு. சின்ன நீலப் பறவைக்கு விழுந்த அதே மடிப்பு. மூன்று டன் எடையுள்ள பிராணிக்கும் அங்கேயே. இந்தப் பொருத்தத்தைப் படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். செங்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் யானைக் கூட்டம் மிகச் சிறியது. மரபு வேறுபாடும் அதற்குத்தான் மிகக் குறைவு. நம் ஓசூர் யானைகள் பாலக்காட்டுக்கு வடக்கே உள்ள பெருங்கூட்டத்தில் சேர்ந்தவை. நீலகிரி, முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலை, காவிரி, மேலகிரி, பன்னார்கட்டா என்று நீளும் காட்டின் வடகிழக்கு வால் நுனி நாம். வால் நுனி அறுந்தால் உடம்பு சாகாது. வால்தான் துடித்துக்கொண்டு கிடக்கும், பல்லி வால் மாதிரி.

அறுபடாமல் வைத்திருப்பது யார் என்று கேட்டால் என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. ஒற்றை யானை.

ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று கூட்டம் வரும். வந்து, தின்று, தை மாதம் தாண்டித் திரும்பும். பெண் யானைகள் பிறந்த கூட்டத்தோடேயே வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆண் யானை வாலிபம் எட்டியதும் கூட்டத்தை விட்டு விலகும். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ திரியும். எங்கோ தொலைவில் இன்னொரு கூட்டத்துப் பெண்ணைச் சேரும். ஒரு காட்டின் மரபை அடுத்த காட்டுக்கு எடுத்துப் போகிற தபால்காரன் அதுதான். பத்திரிகையில் "ஒற்றை யானை அட்டகாசம்" என்று வருவதும் அதைப் பற்றித்தான். பரண் கட்டி, பட்டாசு வைத்துக்கொண்டு, ஒரு போக ராகிக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்கும் விவசாயிக்கு நான் மரபியல் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. இழப்பு அவருடையது, உயிர்ப்பயமும் அவருடையது. நஷ்டஈட்டுக்கு அலைவதும் அவரே. ஆனால் கோபத்தில் வேலியில் மின்சாரம் பாய்ச்சும்போது போவது என்ன என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் அப்படி இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன.

தடைகளைப் பற்றியே பேசுகிறேன். தடை உடைந்தாலும் கெடுதல் வரும், அதையும் கேளுங்கள்.

மீனுக்கு ஆறு ஒரு தீவு. காவிரியில் இருக்கும் மீன் தரையில் நடந்து பாலாற்றுக்குப் போகாது. அதனால்தான் காவிரிப் படுகைக்கென்றே திமில் வைத்த மஹ்சீர் மீன் உருவானது. வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் அதைத் தேடிக் கப்பலேறி வந்தார்கள். ஒகேனக்கல்லில் மீன் வறுத்துச் சாப்பிட்ட நாம் அதன் அருமையைக் கவனிக்கவில்லை. இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு உரிய அறிவியல் பெயர் எது என்பது 2018ல்தான் உறுதியானது. அதே வருடம் அது அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலும் ஏறியது. பெயர் சூட்டு விழாவும் இரங்கல் கூட்டமும் ஒரே நாளில். காரணங்களில் அணை உண்டு, மணல் அள்ளல் உண்டு, வெடி வைத்துப் பிடிப்பது உண்டு. இன்னொன்றும் உண்டு. மீன் வளத்தைப் பெருக்குகிறோம் என்று மேற்கு இந்தியாவின் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீரை நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, திமில் மீன் சுருங்கியது. பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வந்தது என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோம். அந்தத் தண்ணீருக்குள் எது வருகிறது என்று பார்ப்பதில்லை.

ஆகவே, பிரிப்பது நல்லதா சேர்ப்பது நல்லதா என்று என்னிடம் கேட்காதீர்கள். லட்சக்கணக்கான வருடம் தனியாக இருந்ததைத் தனியாகவே விட வேண்டும். நேற்று வரை சேர்ந்திருந்ததைப் பிரிக்கக் கூடாது. அந்தந்தப் பிராணியின் வரலாற்றைப் படிக்காமல் பதில் சொல்ல முடியாது. சானமாவில் யானைக்குப் பாதை வேண்டும். அதே ஆர்வத்தில் கொல்லிமலைப் பல்லியைக் கொண்டுபோய்ச் சேர்வராயனில் விட்டால் அது அழிவு வேலை.

அரசு ஓரளவு செய்திருக்கிறது. 2014ல் காவிரி வடக்கு சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர். 2022ல் காவிரி தெற்கு சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து கர்நாடகத்துக் காடுகளோடு கைகோக்கின்றன. வரைபடத்தில் பார்க்க நிம்மதி. ஆனால் சிறு உயிர்களின் தீவுகள் அந்தக் கோட்டுக்கு வெளியே, வயல் நடுவில் மொட்டைப் பாறைகளாகக் கிடக்கின்றன. நம் மாவட்டத்தில் அதற்கு வேறு பெயர், கிரானைட். யானையின் வழியை மறித்தால் வேறு வழி தேடும். பாறையையே அறுத்து லாரியில் ஏற்றினால், அந்தப் பாறைக்கு மட்டும் சொந்தமாக ஒன்று இருந்தால், அதற்குப் பெயர் வைக்கும் முன்பே கதை முடிந்துவிடும்.

நேரமாகிவிட்டது, மூன்றாம் ஷிப்ட்காரர்கள் கடிகாரம் பார்க்கிறார்கள். இளைஞர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு இறங்குகிறேன்.

நம் சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கிறதே, ஐம்பது வருடத்துக்கு முன் அதைச் சுற்றி வயலும் புதரும். இன்று நாலு பக்கமும் கட்டடம். நான் சொன்ன தீவு ஊர் நடுவிலேயே உருவாகிவிட்டது. இந்த மாதிரிப் பாறைகளில் வெயில் காயும் பாறை ஓணானைப் பார்த்திருப்பீர்கள். இனப்பெருக்க காலத்தில் ஆணின் முதுகு சிவக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்த ஓணானை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். பாதுகாப்பான ஒளிவிடம் எது என்பதைக் காட்டு ஓணானைவிட நகர ஓரத்து ஓணான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்று 2019ல் எழுதினார்கள். அது ரத்தத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓணான் பிறந்து ஒரு வருடத்துக்குள் முட்டையிடத் தயாராகிவிடும். யானைக்கு இரண்டு தலைமுறையான இந்தச் சிப்காட், ஓணானுக்கு ஏறத்தாழ ஐம்பது தலைமுறை. ஐம்பதில் கொஞ்சம் நடக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், பாறை சூடேறிய பிறகு படி ஏறுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். எத்தனை ஆண், எத்தனை பெண், ஆள் எவ்வளவு பக்கத்தில் வந்தால் ஓடுகிறது, இவ்வளவுதான் எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரப் பாறை ஒன்றில் அதையே செய்யுங்கள். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடம் முழுக்கச் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் டீ என் செலவு.